கடிதத்துக்கு வற்றல் போட்ட கதை

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கொத்தவரங்காய் வற்றல் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். கூடை நிறையக் காயை மேலே கொண்டுபோனால், நாலைந்து நாள் கழித்து அது ஒரு டப்பாவுக்குள் அடங்கிவிடும். குறைந்தது தண்ணீர்தான். காயின் ருசி டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கூடையைக் கொடுத்தனுப்ப முடியாது, டப்பாவைக் கொடுத்தனுப்பலாம். அவன் வெந்நீரில் ஊறவைத்தால் குழம்புக்குக் காய் தயார்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இதே வேலையைக் கடிதங்களுக்குச் செய்தது. ஒரு கடிதத்தின் எடையெல்லாம் காகிதத்தின் எடை. அதில் எழுதியிருக்கும் சேதிக்கு எடையே இல்லை. அப்படியென்றால் காகிதத்தை ஊரிலேயே வைத்துக்கொண்டு, சேதியை மட்டும் கடல் தாண்டி அனுப்பினால் என்ன? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் 'வி-மெயில்'. 1942 ஜூன் 15-ல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே பிரிட்டன் இதே வழியைக் கையில் எடுத்திருந்தது. எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் படையினர் 'ஏர்கிராஃப்' என்ற பெயரில் வீட்டுக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கா அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, மிகப் பெரிய அளவில் செய்தது.

இதன் உள்ளே என்ன நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். வசதிக்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். 1943-ன் தொடக்கம். அமெரிக்காவின் நடுவே, வயல்களும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த ஐயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூர். அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். பெரியவன் தரைப்படையில், வட ஆப்பிரிக்காவில். நடுப்பிள்ளை கடற்படையில், பசிபிக் கடலில் ஏதோ ஒரு கப்பலில். கடைக்குட்டி இப்போதுதான் உள்நாட்டுப் பயிற்சி முகாமுக்குப் போயிருக்கிறான். வீட்டு ஜன்னலில் சிறிய கொடி ஒன்று தொங்குகிறது. சிவப்புக் கரை, நடுவே வெள்ளை, அதில் மூன்று நீல நட்சத்திரங்கள். பிள்ளைக்கு ஒன்று. போரில் ஒருவர் இறந்துவிட்டால் அந்த நட்சத்திரம் பொன் நிறமாக மாறும். அந்நாளில் அமெரிக்கத் தெருக்களில் இந்தக் கொடியைப் பார்த்தே எந்த வீட்டில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

இரவு சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, அம்மா சமையலறை மேசையில் எழுத உட்காருகிறார்.

முதலில் தாள். தபால் நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அச்சிட்ட படிவம் அது. நம் ஊர் இன்லேண்ட் லெட்டரைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். அதே தாள்தான் கடிதம், மடித்தால் அதே தாள்தான் உறை. அகலம் 7 அங்குலம், நீளம் 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். எழுத ஒரே ஒரு பக்கம். மேலே பெறுநர் முகவரிக்கு ஒரு கட்டம், அனுப்புநர் முகவரிக்கு ஓர் இடம், தணிக்கை முத்திரைக்கு ஒரு வட்டம். முகவரியைப் பெரிய எழுத்தில், தெளிவாக எழுத வேண்டும். மை அடர்த்தியான நிறத்தில் இருக்க வேண்டும், தட்டச்சு செய்தால் இன்னும் நல்லது. வெளிர் நீல மையும் மங்கிய பென்சிலும் கூடாது. முற்றின காயையும் பூச்சி அரித்த காயையும் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறோமே, அதுபோலத்தான் இந்தக் கட்டுப்பாடெல்லாம். பின்னால் இந்தத் தாளைப் படிக்கப்போவது ஒரு கேமரா. கேமராவுக்குத் தெரியாத எழுத்து மகனுக்கும் தெரியாது.

இங்கேயே அம்மாவுக்கு ஒரு சிக்கல். மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே சேதிதான். பசு கன்று போட்டது, அப்பாவுக்கு இருமல் தேவலை, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அழைப்பு வந்துவிட்டது. கார்பன் தாள் வைத்து ஒரே முறையில் மூன்று பிரதி எடுக்கலாம் என்றால், கார்பன் பிரதி மங்கலாக விழும், படத்துக்கு ஆகாது. எனவே வெளிநாட்டில் இருக்கும் இருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். கடைக்குட்டி உள்நாட்டில் இருப்பதால் அவனுக்குச் சாதாரணக் கடிதம் போதும், அதில் நாலு பக்கம்கூட எழுதலாம். ஒரு பக்கத்தில் அடங்காத சேதி இருந்தால் வி-மெயிலிலும் இரண்டாவது படிவம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு தாள்களும் தனித்தனிக் கடிதமாகத்தான் பயணம் செய்யும். முதல் பக்கம் வராமலே இரண்டாம் பக்கம் போய்ச் சேரலாம்.

அதனால்தான் அந்தக் காலத்துக் குடும்பங்களில் பலர் கடிதங்களுக்கு எண் போட்டார்கள். தாளின் மூலையில் 17, 18, 19 என்று வரிசையாக எழுதுவார்கள். 16-ஆம் கடிதத்துக்கு அடுத்து 19 வந்து சேர்ந்தால், நடுவில் இரண்டு இன்னும் வழியில் இருக்கின்றன என்று மகனுக்குத் தெரியும். 'அப்பா இப்போது நடக்கிறார்' என்று 19-ஆம் கடிதம் சொன்னால், அப்பாவுக்கு ஏதோ ஆகியிருந்தது என்பதும், அது 17-லோ 18-லோ இருக்கிறது என்பதும் புரியும். நல்ல சேதி முன்னால் வந்து கெட்ட சேதி பின்னால் வருவது போர்க்காலத் தபாலில் சகஜம். எண் போட்டிருந்தால் அந்தக் குழப்பம் பாதியாகக் குறையும். இந்தச் சின்னப் பழக்கத்தை யாரும் சட்டமாகப் போடவில்லை. வீட்டிலிருந்த பெண்களும் களத்திலிருந்த ஆண்களும் தாங்களாகவே பிடித்துக்கொண்டது.

அடுத்தது முகவரி. பெரியவன் எங்கே இருக்கிறான் என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆப்பிரிக்கா என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். முகவரியில் அவன் பெயர், பட்டாளத்தில் அவனுக்குக் கொடுத்த எண், படைப்பிரிவு, அதற்குப் பிறகு 'ஏ.பி.ஓ.' என்று ஓர் எண், கடைசியில் 'நியூயார்க் போஸ்ட்மாஸ்டர் மேற்பார்வை' என்று இருக்கும். நடுப்பிள்ளைக்குக் கப்பல் பெயரும் சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கடற்படைத் தபால் நிலையமும். நம் ஊரில் ராணுவத்தில் பிள்ளை இருக்கும் வீடுகளில் '56 ஏ.பி.ஓ.', '99 ஏ.பி.ஓ.' என்று எழுதிப் பழக்கம் இருக்கும். லடாக்கில் இருந்தாலும் ஜம்முவில் இருந்தாலும் உறையில் ஊர் பெயர் வராது. அதே ஏற்பாடுதான். எண்ணுக்குப் பின்னால் எந்த ஊர் என்பது ராணுவத் தபால்காரர்களுக்குத் தெரியும். படை நகர்ந்தால் எண்ணும் கூடவே நகரும். அம்மா முகவரியை மாற்ற வேண்டியதில்லை, எதிரியின் கையில் உறை கிடைத்தாலும் அவனுக்கு ஒன்றும் புரியாது.

இப்போது கடிதம் தபாலில் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து நியூயார்க், சான்ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ ஆகிய நகரங்களில் இருந்த வி-மெயில் நிலையங்களில் ஒன்றுக்குப் போகும். இங்கேதான் மொட்டை மாடி வேலை நடக்கிறது.

முதலில் சேரும் இடத்தை வைத்துக் கடிதங்களைப் பிரிப்பார்கள். பிறகு ஓர் இயந்திரம் ஓரத்தை வெட்டித் திறக்கும். மடிப்பை நீவித் தட்டையாக்குவார்கள். படம் எடுக்கத் தகுதி உள்ளதா என்று கண்ணால் பார்ப்பார்கள். உள்ளே வேறு ஏதாவது செருகியிருந்தால், எழுத்து மங்கலாக இருந்தால் அது தனியாகப் போய்விடும், அதைக் கடிதமாகவே அனுப்புவார்கள். இந்த இடத்தில் பெரிய தொல்லையாக இருந்தது உதட்டுச் சாயம். மனைவியரும் காதலியரும் கடிதத்தின் அடியில் முத்தம் பதித்து அனுப்புவார்கள். அந்தச் சாயம் இயந்திரத்தின் உருளைகளில் ஒட்டி, அடுத்தடுத்த கடிதங்களிலெல்லாம் தீற்றிவிடும். தபால் ஊழியர்கள் அதற்கு 'செந்நிறக் கொள்ளைநோய்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருந்தார்கள்.

பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரிசை எண் விழும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அடுத்து கேமரா. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் 'ரெக்கார்டாக்' என்ற இயந்திரம். வங்கிகள் காசோலைகளுக்குப் படப்பிரதி எடுத்து வைத்துக்கொள்வதற்காகப் போருக்கு முன்பே வந்தது. கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே செலுத்தினால், 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் அவை வரிசையாகப் பதிவாகும். அம்மா மேசையில் உட்கார்ந்து எழுதிய முழுப் பக்கமும் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குச் சுருங்கிவிடும். இதுதான் காய் வற்றலாகும் கட்டம். ஒரே சுருளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் சேதி அடங்கியிருக்கும்.

எவ்வளவு மிச்சம்? ஒரு பக்கக் கடிதம் 1,50,000 இருந்தால் அவற்றுக்கு 37 தபால் மூட்டைகள் வேண்டும், எடை 2,575 பவுண்டு. நம் கணக்கில் சுமார் 1,170 கிலோ. அவற்றையே ஃபிலிமாக்கினால் ஒரே மூட்டை, 45 பவுண்டு, அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். அந்தக் காலத்தில் கப்பலில் ஒரு மூலை கிடைப்பதுகூட அரிது. பீரங்கிக் குண்டு, பெட்ரோல், மாவு மூட்டை, மருந்து என்று எல்லாமே கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கப்பலில் போகும் கடிதத்துக்கு ஒரு மாதம் ஆவது சாதாரணம். விமானத்தில் போகும் ஃபிலிமுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

சரி, விமானம் விழுந்துவிட்டால்? இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். படம் எடுத்த உடனே மூலக் கடிதத்தைக் கிழித்துப் போடமாட்டார்கள். ஃபிலிம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அங்கிருந்து தகவல் வரும்வரை அந்தத் தாள்களை வரிசை எண்படி அடுக்கிப் பத்திரமாக வைத்திருப்பார்கள். சுருள் தொலைந்தது என்று தெரிந்தால், அந்த எண் உள்ள கடிதங்களை எடுத்து மறுபடி படம் பிடித்து அனுப்புவார்கள். சாதாரணக் கடிதம் கப்பலோடு மூழ்கினால் போனது போனதுதான். இதில் அம்மாவின் கடிதம் மூழ்காது. இயந்திரத்தின் வேகத்தை எல்லாரும் புகழ்ந்தார்கள், விளம்பரமும் செய்தார்கள். வேகத்தைவிட இந்தப் பொறுப்புதான் பெரியது என்பேன். ஒரு குடும்பம் நம்பிக் கொடுத்த பொருளை, அது சேர்ந்தது என்று உறுதியாகும்வரை கையை விடாமல் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. அதுவும் கோடிக்கணக்கில்.

அக்கரையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வட ஆப்பிரிக்காவில் ஒரு வி-மெயில் நிலையம். ஃபிலிம் சுருளைப் பெரிதாக்கும் கருவியில் மாட்டுவார்கள். ஒவ்வொரு நகம் அளவுப் படமும் நீளமான புகைப்படக் காகிதச் சுருளில் விழும். அதை ரசாயனத் திரவத்தில் விட்டுக் கழுவி உலர்த்துவார்கள். பிறகு ஓர் இயந்திரம் கடிதம் கடிதமாக வெட்டித் தள்ளும். அதை மடித்து, முகவரி தெரிகிற மாதிரி ஜன்னல் வைத்த சின்ன உறையில் போடுவார்கள். வெந்நீரில் வற்றல் ஊறி எழுகிற மாதிரி கடிதம் மறுபடி கடிதமாகிவிட்டது.

வற்றலை ஊறவைக்க நல்ல தண்ணீர் வேண்டும், இதற்கும் வேண்டும். புகைப்படம் கழுவுகிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், சூடு ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும். பாலைவனத்திலும் வெப்பத் தீவுகளிலும் அதற்கே தனிப் பாடு படவேண்டும். தூசு ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம். போர்முனைக்குப் பின்னால் இப்படி ஓர் இருட்டறையை நடத்திய ராணுவத்தினரின் உழைப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஊறிய வற்றல் பச்சைக் காய் ஆகிவிடாது. மகனுக்குக் கிடைத்த பிரதி, அகலம் நாலேகால் அங்குலம், நீளம் 5 அங்குலத்துக்குச் சற்று மேல். பரப்பில் மூலத் தாளின் மூன்றில் ஒரு பங்குதான். அம்மா பொடி எழுத்தில் எழுதியிருந்தால் கூடாரத்து விளக்கில் படிப்பது கஷ்டம். அம்மாவின் கை பட்ட தாள் ஐயோவாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே எங்கோ நின்றுவிட்டது. உள்ளே ஒரு புகைப்படம் வைக்க முடியாது, தோட்டத்துப் பூவை அழுத்தி வைக்க முடியாது, செய்தித்தாளில் வந்த உள்ளூர்ப் பந்தாட்டச் சேதியை வெட்டி வைக்க முடியாது. அரசு எவ்வளவு சொல்லியும் மக்கள் பெரும்பாலும் சாதாரணக் கடிதத்தையே நாடியதற்கு இதுவே காரணம். 1944-ல் கடற்படையினருக்கு வந்த வி-மெயில் 3.8 கோடி. அதே ஆண்டில் அவர்களுக்கு வந்த சாதாரண முதல் வகுப்புக் கடிதங்கள் 27 கோடிக்கும் மேல். தாமதமானாலும் பரவாயில்லை, அம்மா தொட்ட தாளே வரட்டும் என்று நினைத்தவர்கள் அவ்வளவு பேர். அவர்கள் செய்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. பல குடும்பங்கள் இரண்டையும் கலந்து அனுப்பின. அவசரச் சேதிக்கு வி-மெயில், படமும் பூவும் வைத்த கடிதம் கப்பலில் பின்னால் வரும்.

இனி எதிர்த்திசை. பெரியவன் வீட்டுக்கு எழுதுகிறான். தபால்தலை வாங்க வேண்டியதில்லை. 1942 ஏப்ரல் முதல் படையினர் தபால்தலை ஒட்டும் இடத்தில் 'இலவசம்' என்று தங்கள் கையால் எழுதினால் போதும். ஆனால் அவன் கடிதம் கிளம்புவதற்கு முன்னால் இன்னொருவர் அதைப் படிப்பார். அவனுடைய படைப்பிரிவின் அதிகாரியே தணிக்கையாளர். இருக்கும் ஊர், படையின் எண்ணிக்கை, கப்பல் நகர்வு, யார் செத்தார்கள் என்பது, இவையெல்லாம் வரக்கூடாது. வந்தால் மை பூசி மறைப்பார், அல்லது பிளேடால் வெட்டி எடுப்பார். ஜன்னல் ஜன்னலாக ஓட்டை விழுந்த கடிதங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. காலையில் தனக்கு ஆணையிடும் அதிகாரி மாலையில் தன் மனைவிக்கு எழுதியதைப் படிக்கிறார் என்றால் எப்படி மனம் விட்டு எழுத முடியும்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். நீல உறை என்று ஒன்று. இதில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால், சொந்த அதிகாரி அதைப் படிக்கமாட்டார். தேவைப்பட்டால் பின்னால் முகம் தெரியாத தணிக்கையாளர் யாராவது திறந்து பார்க்கலாம்.

ஊர் பெயரைத் தெரிவித்துவிட வேண்டும் என்று குடும்பங்கள் ரகசியக் குறிகளையும் வைத்துக்கொண்டன. புறப்படுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்வார்கள். முகவரியில் அப்பா பெயரின் நடு இனிஷியலை ஒவ்வொரு கடிதத்திலும் மாற்றி எழுதுவான், அவற்றைச் சேர்த்துப் படித்தால் ஊர் பெயர் வரும். துனிஸ் நகரத்தில் இருந்த ஒருவன் இப்படி எழுத, கடிதங்கள் வரிசை மாறிப் போய்ச் சேர, பெற்றோர் உலக வரைபடத்தில் இல்லாத ஓர் ஊரைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு கதை அந்நாளில் பலராலும் சொல்லப்பட்டது. கடிதத்துக்கு எண் போட வேண்டியதன் அவசியம் இதிலும் தெரியும்.

அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் எழுதிக்கொள்வது எப்படி? ஒருவன் ஆப்பிரிக்காவில், இன்னொருவன் பசிபிக்கில். எழுதலாம், ஆனால் நியூயார்க், சான்ஃபிரான்சிஸ்கோ என்று பாதி உலகத்தைச் சுற்ற வேண்டும், இரண்டு பேருமே தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல முடியாது. எனவே பெரும்பாலும் வீடுதான் நடுவில் நின்றது. பெரியவன் அம்மாவுக்கு எழுதுவான். அம்மா அதன் சாரத்தை நடுப்பிள்ளைக்கு எழுதுவார். 'உன் தம்பிக்குத் துப்பாக்கிப் பயிற்சி முடிந்துவிட்டதாம்' என்று பெரியவனுக்கு ஒரு வரி. சில வீடுகளில் ஒருவன் எழுதிய கடிதத்தையே அடுத்தவனுக்கு அனுப்பி, அவன் படித்து வேறொருவனுக்கு அனுப்புகிற சுற்றுக் கடிதமும் உண்டு. அம்மாவின் பெட்டியில் மூன்று கட்டுகள் சேரும். யார் கடைசியாக என்றைக்கு எழுதினான் என்பது அவர் மனதில் எப்போதும் இருக்கும்.

அந்தக் கணக்கு தவறும்போது என்ன ஆகும்? இதற்கு உண்மையாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதே ஐயோவா மாநிலத்தில் வாட்டர்லூ என்ற ஊரில் சல்லிவன் குடும்பம். ஜார்ஜ், ஃபிராங்க், ஜோ, மாட், ஆல் என்று ஐந்து அண்ணன் தம்பிகள். ஐவரும் ஒரே கப்பலில் வேலை தரவேண்டும் என்று கேட்டு 1942 ஜனவரியில் கடற்படையில் சேர்ந்தார்கள். 'ஜூனோ' என்ற போர்க்கப்பலில் ஐவருக்கும் இடம் கிடைத்தது. 1942 நவம்பர் 13-ல் குவாடல்கனால் தீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றின் டார்பிடோ தாக்கி ஜூனோ மூழ்கியது. ஏறத்தாழ 700 பேர் இருந்த கப்பல். கடலிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 10 பேர்.

இழப்பு எதிரிக்குத் தெரியக்கூடாது என்று கடற்படை வாய் திறக்கவில்லை. வீட்டில் தெரிந்தது ஒன்றுதான். கடிதம் நின்றுவிட்டது. ஐந்து பேரிடமிருந்தும் ஒரே சமயத்தில். பிறகு 1943 ஜனவரியில் அம்மா அல்லெட்டா சல்லிவன் கடற்படைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஊரில் ஒரு பெண்மணி வந்து, தன் மகன் எழுதிய கடிதத்தில் உங்கள் ஐந்து பிள்ளைகளும் இறந்துவிட்டதாக இருக்கிறது என்று சொன்னதாகவும், ஊரெல்லாம் அதே பேச்சாக இருப்பதாகவும், உண்மை எதுவானாலும் தனக்குத் தெரியவேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார். பிப்ரவரியில் ஒரு புதிய கப்பலுக்குப் பெயர் சூட்ட ஒப்புக்கொண்டிருப்பதையும், எது நடந்திருந்தாலும் அந்த விழாவுக்கு வருவேன் என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதே மாதம் கடற்படை ஆட்கள் நேரில் வீட்டுக்கு வந்து, ஐவரையும் காணவில்லை என்று சொன்னார்கள். அரசு சொல்லத் தயங்கிய சேதியை வேறொரு வீட்டுப் பிள்ளையின் கடிதம் தணிக்கையைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

தபால் எவ்வளவு பெரிய பாரம் என்பதைச் சொல்ல இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஐரோப்பாவில் படைகள் வேகமாக நகர்ந்ததில் தபால் பின்தங்கிவிட்டது. 1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் கிடங்குகள் முழுக்கச் சேராத கடிதங்களும் பொட்டலங்களும், சுமார் 1.7 கோடி. அவற்றைப் பிரிக்க வந்தது அமெரிக்க ராணுவத்தின் 6888-ஆவது மத்திய தபால் பட்டாலியன். 855 பெண்கள், ஏறக்குறைய எல்லாருமே கறுப்பினத்தவர், தலைமை மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். கிடங்கில் கணப்பு இல்லை. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஜன்னல்களைக் கறுப்பு பூசி மூடியிருந்தார்கள். வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கேக் பொட்டலங்கள் கெட்டுப்போய் எலிகள் சேர்ந்திருந்தன.

அவர்கள் முதலில் செய்தது அட்டை தயாரிப்பு. படையினர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, அதில் பெயர், எண், இப்போது இருக்கும் இடம். மொத்தம் 70 லட்சம் அட்டைகள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்கள். ராணுவ எண்ணைப் பார்த்துத்தான் இன்னார் என்று பிரிக்க வேண்டும். சில உறைகளில் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரும் 'அமெரிக்க ராணுவம்' என்பதும் மட்டுமே இருந்தன. அதற்கும் உள்ளே இருக்கும் குறிப்பைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். மூன்று ஷிப்டாக இரவு பகல் வேலை, ஒரு ஷிப்டுக்கு 65,000 கடிதங்கள் வரை. ஆறு மாதம் ஆகும் என்று நினைத்த வேலையை மூன்று மாதத்தில் முடித்தார்கள். இறந்துபோனவருக்கு வந்த கடிதங்களைத் தனியாக எடுத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் இவர்கள் வேலைதான். நாட்டுக்கு இவ்வளவு செய்த இந்தப் பெண்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கும் சட்டம் 2022-ல்தான் வந்தது. 77 வருடத் தாமதம் வெட்கப்பட வேண்டிய ஒன்று.

வி-மெயில் 1945 நவம்பர் 1-ல் நின்றது. போர் முடிந்தது, கப்பலில் இடம் கிடைத்தது, காகிதம் மறுபடி காகிதமாகவே போக ஆரம்பித்தது. அதற்குள் இரு திசையிலும் சேர்த்து 100 கோடிக்கும் மேற்பட்ட கடிதங்கள் இந்த வழியில் போய்வந்திருந்தன. அவற்றில் பல இன்றும் பேரப் பிள்ளைகளின் கையில் இருக்கின்றன, வழவழப்பான சின்னப் புகைப்படத் தாளில், பாட்டியின் கையெழுத்தோடு.

உங்கள் வீட்டில் ராணுவத்தில் இருந்த அப்பாவோ தாத்தாவோ சித்தப்பாவோ எழுதிய கடிதங்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். அவற்றை லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள், இரண்டுமே தாளைக் கெடுத்துவிடும். மடிப்பை நீவி, ஈரம் இல்லாத இடத்தில், வெயில் படாமல், தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். உறைகளையும் எறியாதீர்கள், நாள் முத்திரையும் ஏ.பி.ஓ. எண்ணும் அவற்றில்தான் இருக்கும். கடிதத்தில் வரும் பெயர்கள் யாருடையவை என்று சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, தனித் தாளில் எழுதிக் கூடவே வைத்துவிடுங்கள்.